மருத்துவமனைப் பயிற்சியில் நான் செய்த கருவியை நோயாளிக்கு மாட்டிப் பார்க்கலாமா?

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ மருத்துவமனையையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எட்டு வாரப் பயிற்சிக்காக ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். பாதி நாட்கள் ஓடிவிட்டன. போகும்போதே அவரிடம் ஒரு யோசனை இருந்தது. டிரிப் பாட்டில் காலியாகப் போகும் நேரத்தில் சத்தமிட்டு, நர்ஸின் செல்போனுக்கும் தகவல் அனுப்பும் ஒரு சின்னக் கருவி. பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழும் சின்னக் கூடான டிரிப் சேம்பரில் கிளிப் போல மாட்டிக்கொள்ளலாம். பாட்டில் தீர்ந்துவிட்டால் காற்று ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தாராம். ஆனால் முதல் இரண்டு வாரம் அவரைக் கருவிகள் பழுதுபார்க்கும் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் வார்டில் "ஓரமாக நின்று பார்" என்றார்கள். கருவியைப் பற்றிச் சொன்னபோது சீனியர் நர்ஸ் ஒருவர், "இன்னொரு அலாரமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவருக்கோ யோசனை மிகவும் பிடித்துவிட்டது. "கொண்டு வாம்மா, இரண்டு பேஷன்ட்டுக்கு மாட்டிப் பார்த்துவிடலாம். வெளியே மாட்டுவதுதானே" என்கிறார். காப்புரிமைக்குப் போனால் தன் பெயர் முதலில் வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கல்லூரி கைடோ, வேலை செய்யும் புரோட்டோடைப் இல்லாமல் திரும்பி வராதே என்கிறார். இதற்கிடையே வார்டில் செல்போனில் நிறையப் படங்கள் எடுத்து, புராஜெக்ட் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். ஒருநாள் நர்ஸ் கேட்டுக்கொண்டதால் டிரிப்பின் வேகத்தையும் குறைத்திருக்கிறார். "நான் இங்கே நேரத்தை வீணடிக்கிறேனா? பாதியில் விட்டுவிட்டு ஒரு கருவித் தயாரிப்பு நிறுவனத்தில் சேர்ந்துவிடட்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் இரண்டு பதில்களை நேராகச் சொல்லிவிடுகிறேன். கருவியை எந்த நோயாளிக்கும் மாட்டாதீர்கள். மருத்துவரே சொன்னாலும் வேண்டாம். பயிற்சியைப் பாதியில் விடவும் வேண்டாம். மீதியுள்ள நான்கு வாரங்களில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது வேறு எங்கும் கிடைக்காது. மருத்துவமனைக்கும் கருவி வடிவமைப்புக்கும் நடுவில் வேலை செய்கிற ஒரு பயோமெடிக்கல் இன்ஜினியராக இதைச் சொல்கிறேன்.

"சும்மா நிற்கிறேன்" என்று வருத்தப்படுகிறீர்கள். ஆனால் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகளில் சில, ஓரமாக நின்றவர்களிடமிருந்து வந்தவைதான். தாமஸ் ஃபோகார்ட்டி பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் அறுவை அரங்கில் உதவியாளரானார். தமனியில் அடைத்துக்கொண்ட ரத்தக்கட்டியை எடுக்க, அந்தக் காலத்தில் நீளமாகக் கிழித்துத் திறக்க வேண்டியிருந்தது. கட்டியை எடுத்த பிறகும் காலையோ உயிரையோ இழந்தவர்களை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். சின்னத் துளை வழியாக உள்ளே போய், கட்டியைத் தாண்டி அந்தப் பக்கம் பலூனை ஊதி, கட்டியை இழுத்துக்கொண்டு வரும் குழாய் அந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான். பலூனுக்கு அறுவைக் கையுறையின் விரல் நுனியை எடுத்துக்கொண்டார். பசை பிடிக்காததால், மீன் தூண்டிலில் செயற்கை ஈயைக் கட்டும் முடிச்சைப் போட்டுக் குழாயோடு கட்டினார். 1961-இல் அது முதன்முதலில் ஒரு நோயாளியிடம் பயன்படுத்தப்பட்டது.

"அவர் மட்டும் நேராக நோயாளியிடம் போகலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது 1964-இல். அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கென்று முழுமையான சட்டத்திருத்தம் வந்தது 1976-இல். இந்த விதிகள் எல்லாமே, அவை இல்லாத காலத்தில் நோயாளிகள் பட்ட பாட்டிலிருந்து வந்தவை. இன்றைக்கு வடிவமைக்க வருகிறவர்கள் இந்த விதிகளுக்கு உள்ளேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் கருவியின் அடிப்படை பற்றி

இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பாட்டில் காலியானால் காற்று உள்ளே போய்விடும் என்பதுதான் உங்கள் தொடக்கப்புள்ளி. டிரிப் அலாரம் செய்கிற மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஆனால் சாதாரண டிரிப் இறங்குவது புவியீர்ப்பால். திரவத் தம்பத்தின் உயரம் தருகிற அழுத்தம், சிரைக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்வரைதான் அது இறங்கும். பாட்டில் தீர்ந்ததும் குழாயில் திரவமட்டம் கீழே வரும். இரண்டு அழுத்தமும் சமமாகும் இடத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். கைச்சிரையில் போட்ட டிரிப்பில் அடுத்து நடப்பது வேறு விஷயம். ரத்தம் குழாய்க்குள் பின்னேறும், சிரைக்குள் செருகிய மெல்லிய குழாயான கேனுலாவில் உறையும், அடைத்துக்கொள்ளும். மறுபடியும் ஊசி குத்த வேண்டும். சிரை கிடைக்காத முதியவருக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்பதை வார்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

காற்றால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையில், அதாவது மையச் சிரையில், போட்ட குழாய், அழுத்திச் செலுத்தப்படும் பை, குழாயில் நிறைந்த காற்றை வெளியேற்றாமல் புதுப் பாட்டிலை இணைப்பது ஆகியவற்றில் ஆபத்து உண்மையானது. அங்கெல்லாம் வேறு பாதுகாப்பு வேண்டும். உங்கள் கிளிப் அந்த இடங்களுக்கானது இல்லை.

குழந்தைகள் வார்டுக்குப் போனால் கேள்வியே மாறிவிடும். அங்கே பயம் பாட்டில் தீர்வதில் இல்லை, வேகமாக ஏறிவிடுவதில் இருக்கிறது. ஆக, "டிரிப் தீர்ந்துபோகிறது" என்பது ஒரு நிகழ்ச்சிதான். தேவை என்பது இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். எந்த நோயாளிக்கு, எது தவறும்போது, என்ன தீங்கு வருகிறது, எது குறைந்தால் நாம் வென்றோம் என்று சொல்லலாம்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பயோடிசைன் பயிற்சியில் மருத்துவமனைக்குள் போகிறவர்கள் முதலில் இப்படிப்பட்ட தேவைகளை நூற்றுக்கணக்கில் எழுதுகிறார்கள். வடிகட்டி வடிகட்டி ஒன்றிரண்டாகக் குறைத்த பிறகுதான் கருவியைப் பற்றி யோசிக்கிறார்கள். நீங்கள் தலைகீழாகத் தொடங்கிவிட்டீர்கள். கல்லூரி உங்களை அப்படித்தான் அனுப்பியிருக்கிறது. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருத்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

அந்த சீனியர் நர்ஸின் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்னொரு அலாரமா?" என்பதை நீங்கள் உதாசீனமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரியாகப் பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒலிக்கும் அலாரங்களில் பெரும்பாலானவை உடனே எதுவும் செய்யத் தேவையில்லாதவை. கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போய், உண்மையான அலாரம் தவறிப்போன மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டு, 2014 முதல் அலாரம் மேலாண்மையை நோயாளி பாதுகாப்பு இலக்குகளில் சேர்த்தது. அந்த நர்ஸிடம் திரும்பிப் போங்கள், கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டியூட்டி மாறி அவர் உட்காரும் நேரம் பார்த்து, "போன டியூட்டியில் எந்தச் சத்தத்துக்கு ஓடினீர்கள், எதை விட்டீர்கள்?" என்று கேளுங்கள். "இது இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மாணவியின் மனம் நோகக் கூடாது என்று எல்லோரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள்.

ஓரமாக நிற்கும்போது என்ன பார்ப்பது?

கருவியைச் சுற்றி மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பிளாஸ்திரி ஒட்டிய இடம், பேனாவால் எழுதிய குறி, கட்டி வைத்த ஒயர், எப்போதும் அணைத்தே வைத்திருக்கும் பட்டன் எல்லாமே வடிவமைப்பாளர் கவனிக்காமல் விட்டதை நர்ஸ் சரிசெய்துகொண்ட அடையாளங்கள். உங்கள் கருவிக்கே ஒரு கேள்வி: அந்த வார்டில் எந்த டிரிப் செட் பயன்படுகிறது? ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் செட்டும் உண்டு, 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டும் உண்டு. சொட்டை எண்ணும் உங்கள் சென்சாருக்கு எந்தச் செட் என்று தெரியாவிட்டால் கணக்கு மூன்று மடங்கு தவறும். ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போகும் நோயாளி, சாய்ந்த சேம்பர், உள்சுவரில் தெறித்து ஒட்டிய துளிகள், ஜன்னல் வெயில் ஆகியவற்றை ஆய்வக மேஜை உங்களுக்குக் காட்டியிருக்காது. கிருமிநாசினியால் துடைத்தால் கிளிப் என்ன ஆகும்? சார்ஜ் போடுவது யார்? நோயாளி வீட்டுக்குப் போகும்போது அதைக் கழற்றி எடுத்து வைப்பது யார்? அந்த "யார்" என்கிற கேள்விக்குப் பதில் இல்லாத கருவிகள் அலமாரியில்தான் கிடக்கும்.

டிசைன் தட் மேட்டர்ஸ் என்கிற அமைப்பின் அனுபவம் உங்களுக்கு உதவும். அவர்கள் கார் உதிரிபாகங்களை வைத்து நியோநர்ச்சர் என்ற பச்சிளங்குழந்தை இன்குபேட்டரை வடிவமைத்தார்கள். 2010-இல் டைம் இதழின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில்கூட அது வந்தது. ஆனால் உற்பத்திக்குப் போகவே இல்லை. யார் தயாரிப்பார்கள், யார் வாங்குவார்கள் என்பதற்குப் பதில் இல்லை. அதன் பிறகு அவர்கள் செய்த ஃபயர்ஃபிளை என்கிற மஞ்சள் காமாலை ஒளிச்சிகிச்சைக் கருவியைப் பாருங்கள். ஒரே விளக்கின் கீழ் பல குழந்தைகளைப் படுக்க வைக்கும் பழக்கத்தைப் பார்த்து, ஒரு குழந்தைக்கு மட்டுமே இடம் இருக்கும்படி அதைச் செய்தார்கள். குளிருமே என்று தாய் போர்த்திவிட்டால் மேலிருந்து வரும் ஒளி மறைந்துபோகும். அதனால் கீழேயிருந்தும் ஒளி வரும்படி வைத்தார்கள். "தாய்க்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்" என்று அவர்கள் நினைக்கவில்லை. தாய் அப்படித்தான் செய்வாள் என்று ஏற்றுக்கொண்டு கருவியை மாற்றினார்கள். இந்த மாதிரி அறிவு வார்டில் நின்றால்தான் வரும்.

பழுதுபார்க்கும் பிரிவில் கழிந்த இரண்டு வாரத்தையும் வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கருவி எப்படி உடைகிறது என்பதை அதை வடிவமைத்தவர்கள்கூட அருகிலிருந்து பார்ப்பது அபூர்வம். அனுமதி கேட்டு சர்வீஸ் பதிவேட்டைப் புரட்டுங்கள். அதே மாடலில் அதே கேபிள், அதே பேட்டரி, அதே இணைப்பு முனை திரும்பத் திரும்ப வருகிறதா? "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பியவை எத்தனை? பழுதே இல்லாமல் பழுது என்று வந்த கருவி பெரும்பாலும் புரியாத திரை, குழப்பமான பட்டன், தவறாக மாட்டிய குழாய் என்று ஏதோ ஒன்றைச் சொல்லும். வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பிரிவுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே இருக்கும் டெக்னீஷியன்களைவிட நல்ல ஆசிரியர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

"வெளியே மாட்டுவதுதானே" என்பது ஏன் தவறு

மருத்துவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் உடலைத் தொடாத கருவி தீங்கு செய்யாது என்பது தவறான நம்பிக்கை. உங்கள் கருவி பார்த்துக்கொள்கிறது என்று நம்பி நர்ஸ் ஒரு முறை குறைவாக எட்டிப் பார்த்தால், அன்றைக்கு அது ஒலிக்கத் தவறினால், பாதிக்கப்படுவது நோயாளிதான். கிளிப்பின் எடை குழாயை இழுக்கலாம். அதனால்தான் இடர் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971 தரநிலை, கருவி எதைத் தொடுகிறது என்பதோடு நிற்காமல், என்னென்ன வழியில் தீங்கு வரலாம் என்று வரிசையாக யோசிக்கச் சொல்கிறது.

நோயாளியிடம் சோதிக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின், அதாவது எத்திக்ஸ் கமிட்டியின், எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நோயாளி புரிந்துகொண்டு தரும் சம்மதமும், உங்கள் நாட்டுக் கருவிச் சட்டம் கேட்கும் அனுமதியும் வேண்டும். ஒரு மருத்துவரின் வாய்மொழி அனுமதி இவை எதற்கும் மாற்று இல்லை. ஏதாவது நடந்தால் அவருக்கும் பாதுகாப்பில்லை, உங்களுக்கும் இல்லை. அவரிடம் இப்படிச் சொல்லலாம்: "சார், உங்கள் ஆர்வத்துக்கு மிகவும் நன்றி. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் செய்தால் எங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ளாது. விண்ணப்பம் போட நீங்கள் வழிகாட்டினால் முறைப்படி செய்கிறேன்." பொறுப்பான மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அதற்காகக் கருவியைப் பெட்டியில் பூட்ட வேண்டியதில்லை. காலி அறையில் ஸ்டாண்ட், சலைன் பாட்டில், கீழே ஒரு அளவுக் குவளை வைத்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். சாய்த்துப் பாருங்கள், ஆட்டிப் பாருங்கள், வெயிலில் வையுங்கள். துறைத் தலைவரின் அனுமதியோடு இரண்டு மூன்று நர்ஸ்களை அழைத்து, எதையும் விளக்காமல் கையில் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டுப் பொறியியலுக்கான ஐஇசி 62366 தரநிலை பேசுவது இந்த வகைச் சோதனையைத்தான்.

நர்ஸ் கேட்டு நீங்கள் டிரிப்பின் வேகத்தைக் குறைத்த விஷயம்: வேகத்தை மாற்றும் ரோலர் கிளாம்ப்பை இனி யார் கேட்டாலும் தொடாதீர்கள். டிரிப் வேகத்தை மாற்றுவது மருந்தின் அளவை மாற்றுவது. "எனக்கு அதற்கு அனுமதி இல்லை, உடனே உங்களைக் கூப்பிடுகிறேன்" என்றால் போதும். அன்று நடந்ததை உங்கள் பயிற்சிப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். ஊசியும் ரத்தமும் புழங்கும் வார்டில் நிற்பதால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படங்கள்

முகம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னணியில் கட்டில் எண், கேஸ் ஷீட், கை வளையத்தில் இருக்கும் பெயர் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் அது நோயாளியின் தகவல். அவரும் மருத்துவமனையும் சம்மதிக்காமல் எடுக்கவே கூடாது. பெரும்பாலான நாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. சத்தமில்லாமல் அழித்துவிடத் தோன்றும். அதைவிட, பொறுப்பாளரிடம் முதலில் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்வது நல்லது. செல்போனில் அழித்தால் போதாது. தானாகச் சேமிக்கும் கிளவுட் கணக்கு, வாட்ஸ்அப் குழு, நண்பர்களின் போன்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும். இனி நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். வரையும்போது கண் இன்னும் நிதானமாகப் பார்க்கும், நோயாளியின் பெயரும் நோட்டுக்குள் வராது.

காப்புரிமையும் பெயர் வரிசையும்

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்டுபிடிப்பாளர் யார் என்பது ஒன்று, உரிமையாளர் யார் என்பது வேறு. பொதுவாக, காப்புரிமை கோரும் தீர்வை உருவாக்குவதில் அறிவுப் பங்களித்தவர்தான் கண்டுபிடிப்பாளர். பதவியோ வயதோ அதைத் தீர்மானிப்பதில்லை. "இங்கே ஒரு பிரச்சினை இருக்கிறது" என்று சுட்டிக்காட்டுவது மட்டும் பெரும்பாலும் போதாது. தீர்விலேயே மருத்துவரின் யோசனை இருந்தால் அவர் பெயரும் நியாயமாக வர வேண்டும். யார் பெயர் முதலில் என்பதற்குக் காப்புரிமையில் பொதுவாகச் சட்டரீதியான எடை கிடையாது. அதற்காக உறவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உரிமை யாருக்கு என்பதோ நீங்கள் சேரும்போது கையெழுத்திட்ட படிவத்திலும், கல்லூரி, மருத்துவமனை விதிகளிலும் இருக்கிறது. அவற்றை இந்த வாரமே வாங்கிப் படியுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியிலோ சமூக ஊடகத்திலோ கருவியை விளக்கினால், பல நாடுகளில் புதுமை என்கிற தகுதியே போய்விடும். அதற்கும் முன்னால், எஸ்பாசெநெட் போன்ற, காப்புரிமைகளைத் தேட உதவும் இலவசத் தளங்களில் டிரிப் அலாரம் பற்றித் தேடுங்கள். சொட்டை ஒளியால் எண்ணுவது, பாட்டிலின் எடையைப் பார்ப்பது ஆகிய இரண்டுமே பழைய யோசனைகள். மனம் தளர வேண்டாம். மற்றவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள் என்று அந்த ஆவணங்களே சொல்லும்.

நிறுவனத்துக்குப் போவது பற்றி: அதுவும் நல்ல பயிற்சிதான். வடிவமைப்பு ஆவணங்கள், சரிபார்ப்புச் சோதனைகள், தர மேலாண்மை எல்லாம் அங்கேதான் கற்கலாம். அடுத்த விடுமுறையில் போங்கள். வார்டைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அங்கே எழுதப்படும் ஒவ்வொரு தேவை வரியும் ஏன் எழுதப்படுகிறது என்று புரியும். இந்த வாய்ப்பு திரும்பக் கிடைப்பது அரிது, ஏனென்றால் மருத்துவமனைகள் வெளியாட்களை வார்டில் சும்மா நிற்க விடுவதில்லை.

கடைசியாக, உங்கள் கைடு. அவருக்கு இப்போதே எழுதுங்கள். கடைசி வாரம் வரை காத்திருந்தால் அது சாக்குப்போக்காகத் தெரியும். நோயாளியிடம் சோதிக்க அனுமதி இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக வார்டில் கண்டறிந்த தேவைகளின் பட்டியல், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்ததற்கான காரணம், சலைன் வைத்துச் செய்த சோதனையின் முடிவுகள், ஒரு பக்க இடர் அட்டவணை ஆகியவற்றைத் தருவதாகச் சொல்லி, மதிப்பெண் முறை இதை ஏற்குமா என்று கேளுங்கள். டிரிப் அலாரம் தேவையே இல்லை என்று உங்கள் பட்டியல் காட்டினால் அதையும் அப்படியே எழுதுங்கள். கைடு ஏற்க மறுத்தால், மருத்துவமனைப் பொறுப்பாளரையும் அவரையும் ஒரே அழைப்பில் பேச வையுங்கள். விதிகளை மீறி நோயாளியிடம் சோதிக்கச் சொல்லி எந்தக் கல்லூரியும் எழுத்தில் கேட்காது.